மூன்று அடி தாழ்ந்த ஊர்

வெள்ளத் தடுப்பு அலுவலகத்துக்குள் போக வேண்டுமானால் முதலில் ஒன்பது படி ஏற வேண்டும், அப்புறம் குனிய வேண்டும். ஏறிய வேகத்தில் குனிய மறந்தவர்கள் நெஞ்சில் இடித்துக்கொள்வார்கள். அரைகுறையாகக் குனிந்தவர்களுக்கு உச்சந்தலையில் கிடைக்கும். திங்கட்கிழமை காலை தையற்காரி இரண்டாவது வகையில் சேர்ந்தாள்.

உள்ளே போனதும் அவள் தலையைத் தடவிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். கையை உயர்த்தினால் கூரையைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. மின்விசிறியைக் கழற்றிவிட்டிருந்தார்கள், அது மாட்டியிருந்த கொக்கி மட்டும் தொங்கியது, யாரோ அதற்குப் பஞ்சு சுற்றி வைத்திருந்தார்கள். ஜன்னல்கள் தரையிலிருந்தே ஆரம்பித்தன. விளக்குச் சுவிட்சுகள் முழங்காலுக்குக் கீழே இருந்தன. கடைநிலை ஊழியர் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே கால் கட்டைவிரலால் விளக்கைப் போட்டார். மனு வாங்கும் சிமெண்டு மேடை தரையிலிருந்து அரை அடி உயரத்தில் முதலை முதுகு போலத் தெரிந்தது. அதற்குப் பின்னால் எழுத்தர் பாய் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மனு கொடுக்க வந்தவர்கள் குத்துக்கால் போட்டு வரிசையில் நகர்ந்தார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் கவிழ்ந்து படுத்தபடி தன் மனுவைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மேடையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டக் கூடாதா?" என்று தையற்காரி எழுத்தரிடம் கேட்டாள்.

"தரையை உயர்த்தத்தான் உத்தரவு. மேடைக்கு உத்தரவு வரலை," என்றார் எழுத்தர். "உங்க காகிதம் அதிகாரிகிட்ட இருக்கு. உள்ள போங்க. கொக்கியைப் பாத்து."

அதிகாரி நெட்டையான ஆள். மூன்று வருடமாக இந்த அறையில் வேலை பார்த்ததில் கழுத்து நிரந்தரமாக ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. தெருவில், வானத்துக்குக் கீழே நடக்கும்போதும் அப்படியேதான் நடப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவர் அவளுடைய காகிதத்தை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்து விரித்தார்.

"நாலு அங்குலம் குறையுதும்மா."

தையற்காரியின் அண்ணன் பேருந்து ஓட்டுநர். முதுகில் அறுவை சிகிச்சை நடந்து, இடுப்புக்குக் கீழே இனி அசையாது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். சக்கர நாற்காலிக்காரரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் அவர் தங்கப்போகும் கீழ்த்தள அறை வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்கிறது என்று இந்த அலுவலகம் சான்று தர வேண்டும். தராவிட்டால், நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்துவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம் பார்க்க விடுவார்கள். போன வாரம் மட்டம் பார்ப்பவர் வந்து, மூன்றுகால் கருவியை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி அளந்துகொண்டு போயிருந்தார்.

"நாலு அங்குலம்தான சார்," என்றாள். "பாத்துப் போட்டுக் குடுங்க."

"உங்க வீட்டுத் தரை முப்பது அடி எட்டு அங்குலம். முப்பத்தோரு அடி இருக்கணும். நூறு வருஷ வெள்ளத்தோட மட்டம் இருபத்தொம்பதரை. அதுக்கு மேல ஒன்றரை."

"நூறு வருஷ வெள்ளம்னா, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதா?"

அதிகாரிக்கு இந்தக் கேள்வி பழகிப்போன முதுகுவலி மாதிரி. ஒரு பெருமூச்சு விட்டார். "அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. ஒவ்வொரு வருஷமும் வர்றதுக்கு நூத்துல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிற வெள்ளம், அவ்வளவுதான். இந்த வருஷம் வரலாம், அடுத்த வருஷமும் வரலாம். போன தடவைதான வந்தோம், மரியாதையா இருப்போம்னு தண்ணி நினைக்காது."

"அது ஏன் நூத்துல ஒன்னு? ரெண்டுன்னு வைக்கக் கூடாதா?"

"ரெண்டுன்னு வச்சா மட்டம் இறங்கும். வீடு கட்டுறவங்களுக்குச் சந்தோஷம், வீடு முங்கினவங்க கத்துவாங்க. அரைன்னு வச்சா மட்டம் ஏறும், கட்டுறவங்க கத்துவாங்க. ஒன்னுன்னு வச்சா ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் கத்துவாங்க. அதுக்குப் பேருதான் தரம்."

"சரி, எங்க வீடு இருபத்தொம்பதரைக்கு மேலதான இருக்கு. அந்த ஒன்றரை அடி எதுக்கு?"

"நாங்க கணக்குல ஏதாவது தப்பு பண்ணியிருந்தா, அதுக்கு."

"தப்பு பண்ணியிருக்கீங்களா?"

"இல்லம்மா. அதான் ஒன்றரை அடி வச்சிருக்கோமே."

தையற்காரி பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்தாள். அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது இதே அலுவலகம் கொடுத்த சான்று. தரை மட்டம்: முப்பத்து மூன்று அடி எட்டு அங்குலம். அதிகாரி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இறந்தவரின் ஜாதகத்தைப் பார்ப்பது போல வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப இருந்திருக்கு. இப்ப இறங்கிடுச்சு."

"மூணு அடி இறங்கிச்சா? வாசல்ல நாலு படி அப்படியே இருக்கே சார். வீடு இறங்கியிருந்தா படி மண்ணுக்குள்ள போயிருக்குமே."

"தெருவும் கூடவே இறங்கியிருக்கும்."

"சுவத்துல ஒரு கீறல் கூட இல்லையே."

"நல்லாக் கட்டியிருக்காங்க. ஒழுங்கா இறங்கியிருக்கு." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊரே இறங்குதும்மா. மூணு வருஷமா வருஷத்துக்கு ஒரு அடி. மாடியில ஒரு குழுவே உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணுது. இந்த அலுவலகத்தையே எடுத்துக்கோங்க. நாங்களும் முப்பத்தோரு அடிக்கு மேல இருக்கணும், இருந்தது முப்பது. அதனால ஒரு அடி உயர்த்தினோம். அளந்து பாத்தா அதே முப்பது. அடுத்த வருஷம் இன்னொரு அடி. மறுபடியும் முப்பது. நாங்க ஏத்த ஏத்த நிலம் இறங்குது. வியாழக்கிழமை நாலாவது அடி." அவர் வாசலைப் பார்த்தார். "அப்புறம் நான் தவழ்ந்துதான் வரணும்."

*

அன்று மதியம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணன் கட்டிலோடு இணைத்திருந்த மேசையில் ஆரஞ்சுத் தோலை வரிசையாக அடுக்கிப் பேருந்து நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"நாலு அங்குலம் குறையுதாம்."

"நாலு அங்குலத்துக்காக நான் முங்கிடுவேனா?"

"சட்டம்ணே."

"இந்த நாற்காலியில உட்கார்ந்தா நானே ஒன்றரை அடி உயரத்துல இருப்பேன்னு சொல்ல வேண்டியதுதான?"

"ஆளை அளக்க மாட்டாங்களாம். தரையைத்தான் அளப்பாங்களாம்."

அண்ணன் ஒரு ஆரஞ்சுத் தோலைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பி நிறுத்தினார். "விடு. அந்த இல்லத்துல பெரிய டிவி இருக்காம். மூணு வேளையும் நேரத்துக்குச் சாப்பாடாம். உன் சமையல்லேந்து தப்பிச்சேன்."

இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர், கடைசிப் பயணம் முடிந்ததும் யார் கூப்பிட்டாலும் நிற்காமல் நேராக வீட்டுக்கு வந்தவர். அவர் படுக்கைக்கு அடியில் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. எந்த ஊருக்குப் போகிறோம் என்று தெரியாமலேயே கட்டிவிட்டார். பெட்டியின் மேல் வீட்டுச் சாவி இருந்தது.

"சாவியை ஏன் வெளிய வச்சிருக்க?"

"சும்மா. உள்ள வச்சா மறந்துடும்," என்றார் அண்ணன், ஆரஞ்சுத் தோல் பேருந்தைப் பார்த்தபடி.

*

செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தையல் ஓடவில்லை. கத்தரிக்கோலைத் தேடியபோது ஆணியில் தொங்கிய பழைய அளவு நாடா கையில் தட்டியது. அதற்கு ஒரு கதை உண்டு. ஒருமுறை துணி வெட்டும்போது தெரியாமல் நாடாவின் நுனியையும் சேர்த்து வெட்டிவிட்டாள். முதல் அங்குலம் போய்விட்டது. அது தெரியாமல் ஒரு வாரம் அதே நாடாவால் எல்லோரையும் அளந்தாள். துணியை மட்டும் மேசையில் பதித்திருந்த மரக்கோலை வைத்து வெட்டினாள். தைத்துப் போட்டவர்கள் எல்லோரும் சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று வந்து நின்றார்கள். பதினோரு பேர். "மெலிஞ்சிட்டீங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள். ஒரு வாரம் ஊரே மெலிந்துவிட்டதாக அவள் மனதார நம்பியிருந்தாள். சிலருக்கு அதில் சந்தோஷம் கூட.

நாடாவை ஆணியில் திரும்ப மாட்டினாள். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வாசலில் நின்று செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வருடத்துக்கு ஓர் அடியாக மூன்று முறை அடியில் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று அடி தூக்கியவர் அவர். இப்போது அவருடைய வாசலுக்குப் பத்துப் படி. செடி தெருவில் இருந்தது. தண்ணீர் மேலேயிருந்து அருவி மாதிரி விழுந்தது.

*

புதன்கிழமை கெஞ்சிப் பார்ப்பது என்ற முடிவோடு அவள் மறுபடி அலுவலகத்துக்குப் போனாள். ஒன்பது படிக்கு மேலே, தாழ்வாரத்தில் கொத்தனார் ஒருவர் மறுநாள் வேலைக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வலப்புற மூலையில் தரையில் பதித்த பித்தளைக் குமிழ் ஒன்று பளபளவென்று மின்னியது. உள்ளங்கை அகலம். சுற்றிலும் எழுத்துப் பொறித்திருந்தது: முப்பது அடி. இதைத் தொடுவது குற்றம்.

"பாத்தும்மா, மிதிச்சிடாதீங்க," என்றார் கொத்தனார். "ஊர்ல எந்த வீட்டை அளந்தாலும் இங்கேருந்துதான் ஆரம்பிப்பாங்க. இதுதான் முப்பது."

"தரையை உயர்த்துனா இது உள்ள போயிடாதா?"

கொத்தனார் புண்பட்டது போலப் பார்த்தார். "நான் அப்படி விட்டுடுவேனா? வேற ஆளா இருந்தா மேலயே சிமெண்டைக் கொட்டிட்டுப் போயிருப்பான். நான் முதல்ல இதைப் பெயர்த்து எடுத்து, துணியில சுத்தி, என் சோத்துப் பாத்திரத்துக்குப் பக்கத்துல பத்திரமா வைப்பேன். தரை காய்ஞ்சதும் துலக்கி, அதே மூலையில, ஒரு நூல் பிசகாம மேல பதிப்பேன். மூணு வருஷமா மூணு தடவை. ஒரு குறை சொன்னதில்ல யாரும்."

தையற்காரி குமிழைப் பார்த்தாள். பிறகு ஒன்பது படிகளை எண்ணினாள். பிறகு அங்கேயே, செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா, மயக்கமா?"

"இல்லண்ணே," என்றாள். "ஊர் மெலியல."

அவள் உள்ளே போன வேகத்தில் குனிய மறக்கவில்லை. அதிகாரி ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க முப்பது அடி மூணு வருஷமா ஏறிக்கிட்டே இருக்கு."

"முப்பது எப்படிம்மா ஏறும்? முப்பது முப்பதுதான்."

"எழுத்துல முப்பது. ஆனா தரையோட சேர்ந்து குமிழும் மேல வந்துடுச்சு. கொத்தனாரைக் கேளுங்க. மூணு அடி மேலேருந்து அளந்தா எங்க வீடு மூணு அடி கீழதான தெரியும். நீங்க குமிழ் மேலயே உட்கார்ந்திருக்கீங்க. எத்தனை அடி ஏத்தினாலும் உங்களுக்கு முப்பதுதான் வரும்."

அதிகாரி தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். சாய்ந்திருந்த கழுத்து மெல்ல நேராயிற்று. உச்சந்தலை கூரையில் முட்டியது. அது வலித்ததாகவே தெரியவில்லை.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நாப்பத்தாறு வீடு," என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. "நாப்பத்தாறு வீட்டைத் தூக்க வச்சிருக்கேன். உங்க எதிர்வீட்டு வாத்தியாருக்கு நானே போய் மாலை போட்டேன், முன்மாதிரிக் குடிமகன்னு."

"தப்புக்குன்னு ஒன்றரை அடி வச்சிருந்தீங்களே."

"அது சின்னத் தப்புக்கும்மா. இது பெரிய தப்பு." அவர் மறுபடி உட்கார்ந்தார். "தப்புன்னு எழுத முடியாது. எழுதினா விசாரணை. விசாரணை முடியிற வரைக்கும் எந்த வீட்டுக்கும் சான்று கிடையாது. ரெண்டு வருஷம் ஆகும்."

"எங்கண்ணன் வெள்ளிக்கிழமை வர்றாரு சார். நாளான்னிக்கு. அவரு பெட்டியைக் கட்டி வச்சிட்டு, வீட்டுச் சாவியை மேல வச்சுக்கிட்டுப் படுத்திருக்காரு. நான் போய் என்ன சொல்லட்டும், குமிழ் ஏறிடுச்சுன்னா?"

அவள் தன் வெட்டுப்பட்ட நாடாவின் கதையைச் சொன்னாள். பதினோரு சட்டைகள், ஊர் மெலிந்த வாரம், எல்லாவற்றையும்.

"கண்டுபிடிச்சதும் என்ன பண்ணீங்க?" என்று அவர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார்.

"தப்புன்னு யார்கிட்டயும் சொல்லல. சட்டையைக் குடுங்க, கொஞ்சம் பிடிச்சுத் தர்றேன்னு வாங்கிக்கிட்டேன். நாடாவை மாத்தினேன்."

அதிகாரி தாழ்ந்த வாசலைப் பார்த்தார். அதற்கப்பால் நாளைக்கான செங்கல் அடுக்கு தெரிந்தது. பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, கட்டடத்தின் முதல் வரைபடத்தை எடுத்துவரச் சொன்னார். அதில் குமிழின் இடம் தெளிவாக இருந்தது: தாழ்வாரத்துக் கருங்கல்லின் மேல். அவர் ஒரு தாளை எடுத்து எழுதினார். 'பராமரிப்புப் பணி. குமிழ் துலக்கப்பட்டு, முதல் வரைபடத்தின்படி பதிக்கப்படும்.' தப்பு என்ற சொல் எங்கும் வரவில்லை.

*

வியாழக்கிழமை காலை கொத்தனார் குமிழைப் பெயர்த்துத் துணியில் சுற்றிவிட்டு, அந்த இடத்தில் தோண்ட ஆரம்பித்தார். தரையை உயர்த்த வந்தவனைப் பள்ளம் தோண்டச் சொல்கிறார்களே என்று அவருக்கு வருத்தம். ஓர் அடியில் பழைய தரை வந்தது. இரண்டாவது அடியில் இன்னொரு தரை. இரண்டும் அவருடைய வேலைதான். "என்னமா பூசியிருக்கேன் பாருங்க," என்று உடைப்பதற்கு முன் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். மூன்றாவது அடியில் உளி கருங்கல்லில் பட்டு மணி போலச் சத்தம் வந்தது. கல்லின் நடுவில் வட்டமாக ஒரு குழி. குமிழை அதில் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது.

மட்டம் பார்ப்பவர் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "அளவுகோலை இதுக்குள்ளயா இறக்கணும்?"

"குமிழ் எங்க இருக்கோ அங்கதான்," என்றார் அதிகாரி.

"இருபது வருஷமா குமிழைப் பாக்கிறேன். அது என்னைக் கீழேருந்து பாத்ததில்ல இதுவரைக்கும்," என்று முனகிக்கொண்டே அவர் ஒற்றைக் கண்ணை மூடினார்.

முதலில் அலுவலகத் தரையை அளந்தார்கள். முப்பத்து மூன்று அடி. தேவைக்கு இரண்டு அடி மிச்சம். எழுத்தர் பாயிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். நாலாவது அடி ரத்தாயிற்று. அங்கிருந்து தெருத் தெருவாக அளந்துகொண்டே போய், மதியம் மூன்று மணிக்குத் தையற்காரியின் கீழ்த்தள அறையில் அளவுகோலை நிறுத்தினார்கள். அவள் தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்து மூணு அடி எட்டு அங்குலம்," என்றார் மட்டம் பார்ப்பவர்.

கணக்கு வாத்தியார் பத்தாவது படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை முப்பது எட்டுன்னு சொன்னீங்களேம்மா. மூணு நாள்ல மூணு அடியா? அப்ப என் வீடு?"

"உங்க வீடும் ஏறியிருக்கும் சார்," என்றார் அதிகாரி. "மொத்தம் ஆறு அடி. உங்க முன்யோசனை யாருக்கும் வராது."

வாத்தியார் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாகத்தான் வந்தது. சந்தேகத்தோடு உள்ளே போனார்.

சான்றிதழ்ப் படிவத்தில் 'முந்தைய அளவிலிருந்து மாற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிகாரி அதில் 'மூன்று அடி உயர்வு' என்று எழுதினார். அடுத்த கட்டம், 'காரணம்'. பேனாவை உதட்டில் தட்டி யோசித்துவிட்டு, 'கண்காணிப்பில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாடியில் இருந்த நிலத் தாழ்வு ஆய்வுக் குழு அன்று மாலையே நில உயர்வு ஆய்வுக் குழு ஆயிற்று. பலகையில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

*

வெள்ளிக்கிழமை காலையிலேயே கொத்தனார் வந்து நாலு படிக்கு மேல் ஒரு சரிவு போட்டுக் கொடுத்தார். பலகைகளை அடியில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, மேலே ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அண்ணனை ஏற்றிவந்த வண்டி பதினொரு மணிக்கு நின்றது. கூடவே ஆஸ்பத்திரிச் செவிலியர் ஒருவர், கையில் இரண்டு காகிதங்களோடு இறங்கினார். ஒன்று திங்கட்கிழமை தேதி போட்ட அளவுத் தாள், இன்னொன்று வியாழக்கிழமைச் சான்று. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார்.

"இந்த வீடுதானா?"

"இதேதான்," என்றாள் தையற்காரி.

"மூணு நாள்ல மூணு அடி ஏறியிருக்குன்னு போட்டிருக்கு. காரணம் கண்காணிப்பில் உள்ளதாம்." செவிலியர் சரிவின் மேல் காலை வைத்து அழுத்திப் பார்த்தார். "இன்னும் ஏறுமா? ஏறினா இந்தச் சரிவு பத்தாது. நோயாளியை இறக்குறதுக்கு முன்னாடி நான் கேட்டுத்தான் ஆகணும்."

உண்மையைச் சொன்னால் சான்று போய்விடும். பொய் சொல்லலாம் என்றால் எந்தப் பொய் என்று தையற்காரிக்குத் தெரியவில்லை. வண்டிக்குள்ளிருந்து அண்ணன் தலையை நீட்டினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். வீடு ஏறும்போது உள்ள இருக்கிற ஆளும் கூட ஏறுவானா மாட்டானா?"

செவிலியர் யோசித்தார். "ஏறுவீங்க."

"அப்ப ஏறட்டும். நான் உள்ளதான இருப்பேன்."

அதில் பிழை கண்டுபிடிக்க செவிலியரால் முடியவில்லை. கையெழுத்துப் போட்டார். கொத்தனாரும் வண்டி ஓட்டுநரும் நாற்காலியைச் சரிவில் தள்ளினார்கள்; தையற்காரி பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவு திறந்தே இருந்தது. ஆனாலும் அண்ணன் வாசலில் நிறுத்தச் சொன்னார். "மூடு," என்றார் தங்கையிடம். அவள் முன்னால் வந்து கதவைச் சாத்தி, தன் சாவியால் பூட்டினாள். அவர் மடியிலிருந்த சாவியை எடுத்து, உட்கார்ந்த உயரத்திலிருந்து பூட்டை ஒருமுறை தடவிக் கண்டுபிடித்து, தானே திறந்தார்.